முகவரிக்கும் நாற்காலிக்கும் நடுவே

1981-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. சிஸ்ஸன், மல்லாம்ஸ் என்ற இருவர் செய்தது. குடிப் பிரச்சினைக்காக ஆலோசனைக்கு வந்த இருபது பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்றால் என்ன என்று விளக்கினார்கள். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொன்னார்கள். அவசியம் போங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். மறு பிரிவினர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே ஆலோசகர் தொலைபேசியை எடுத்து, அந்தக் கூட்டத்துக்குப் போய்வரும் ஒருவரை அழைத்து, வந்தவரிடமே பேசவைத்தார். அந்த உறுப்பினர் கூட்டத்துக்குத் துணையாக வர ஏற்பாடு செய்தார். கூட்ட நாளில் மறுபடி அழைத்து நினைவுபடுத்தினார். இந்த இரண்டாம் பிரிவில் எல்லோரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை.

இருபது பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். ஆனால் பின்னாளில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. 'போங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைவிட, உறுப்பினர் ஒருவரோடு நேரடியாகக் கோத்துவிடப்பட்டவர்கள் கூட்டங்களில் அதிகம் ஈடுபட்டார்கள், குடியிலிருந்து விலகியும் இருந்தார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் குடியால் ஈரல் கெட்டோ, வாந்தியில் ரத்தம் வந்தோ சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பும் நாளில் என்ன நடக்கிறது? மாத்திரைச் சீட்டோடு 'இனிமே குடிக்கக் கூடாது' என்ற வாக்கியம் கிடைக்கிறது. அக்கறையுள்ள மருத்துவராக இருந்தால் ஒரு கூட்டத்தின் முகவரியும் கிடைக்கும். அந்த முகவரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறவர், கூட்டம் நடக்கும் அறையில் ஒரு நாற்காலியில் உட்காரும் வரைக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்தத் தூரத்தைக் கடக்க இன்னொரு மனிதர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த இயக்கம் பிறந்த விதமே இதற்குச் சாட்சி. பில் வில்சன் நியூயார்க் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார். ஐந்து மாதம் கழித்து ஒரு தொழில் விவகாரமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரான் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. கையில் அதிகம் பணமில்லை, தெரிந்தவர் யாருமில்லை, தங்கியிருந்த மேஃப்ளவர் ஓட்டலின் மதுக்கூடம் கூப்பிடு தூரத்தில். குடித்துவிடுவோமோ என்ற பயம் வந்தபோது அவர் தேடியது மருத்துவரையோ மனைவியையோ அல்ல, இன்னொரு குடிகாரரை. ஓட்டலில் இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போனதில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித் பல வருடங்களாகக் குடியோடு போராடிக்கொண்டிருந்தார்.

1935 மே 12, ஞாயிற்றுக்கிழமை மாலை. கால்மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வில்சனைச் சந்திக்க வந்த ஸ்மித், இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். புத்திமதி சொல்ல வந்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். வில்சன் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், தான் குடிக்காமல் இருக்க ஸ்மித்தின் உதவி தனக்குத் தேவை என்றார். இடையில் ஒருமுறை சறுக்கிய ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று கணக்கு வைத்து, அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். அடுத்து இருவரும் ஆக்ரான் நகர மருத்துவமனைக்குப் போய், குடியால் படுக்கையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் மூன்றாமவர். அவர் யாரையும் தேடிப் போகவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகான வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939-இல் அவர்களுடைய அடிப்படை நூல் வெளிவந்தது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டபோது ஏறத்தாழ இரண்டாயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, அந்த வருட முடிவில் எட்டாயிரம் ஆனது. இந்தியாவுக்கு 1950-களின் பிற்பகுதியில் வந்து, பம்பாயில் வேர்விட்டு, தெற்கே பரவியது. 'ஏ.ஏ.' என்ற இரண்டெழுத்து இன்று தமிழ்நாட்டில் அதற்குள் இருப்பவர்களுக்கு வீட்டுச்சொல். வெளியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

கேள்விப்பட வேண்டியவர்கள் எத்தனை பேர்? 2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் குடிக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடி. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. ஆண்டு வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் கடை எங்கே என்று யாரிடமும் கேட்கலாம், கை நீட்டிக் காட்டுவார்கள். கூட்டம் எங்கே என்று கேட்டால் காட்ட ஆள் இருக்காது.

குடியை விட நம் மக்கள் முயல்வதே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். குலசாமி கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார்கள். மாலை போட்டவரைச் சுற்றி ஊரே மாறிவிடுவதைக் கவனித்திருக்கலாம். அவரை யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை. 'சாமி' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். விடியற்காலை குளியல், மாலையில் பஜனை, உடன் நாலு சாமிகள். அந்த நாட்களில் அவரைத் தாங்கியதில் பக்திக்கு எவ்வளவு பங்கோ, இந்தச் சூழலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். மாலையைக் கழற்றியதும் சூழல் கலைந்துவிடுகிறது; பழைய கூட்டாளிகள் வந்துவிடுகிறார்கள். ஏ.ஏ. கூட்டம் தருவது கழற்ற வேண்டிய தேதி இல்லாத ஒரு சூழலை.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகரக் கூடாது. தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும், இடம் பொருள் தெரியாமல் உளறுவதுமாகச் சிலர் மோசமான நிலைக்குப் போவார்கள். இதற்கு மருந்து உண்டு. மருத்துவமனையில் வைத்து, தயாமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்துப் பாதுகாப்பாகக் கடக்க வைக்கலாம். கூட்டம் இதற்கு மாற்று அல்ல. அதேபோல 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களை நம்பி எதையும் வாங்கிக் கலக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் கடுமையாக ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிராம் போன்ற மருந்தை, அவருக்குத் தெரிவித்து, மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பது வேறு. தெரியாமல் கலந்து கொடுத்து, அதன் மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

சரி, கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். ஏ.ஏ.-யின் இந்தியத் தலைமைச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். பெரும்பாலும் அங்குள்ள சமூகப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஏ.ஏ. குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. உறுப்பினர்கள் போடும் சில்லறையில்தான் வாடகையும் டீச் செலவும். அதனால் இடம் பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையாகவோ தேவாலயத்தின் பின்பக்கக் கூடமாகவோ இருக்கும். பரீட்சைக் காலம் வந்தால் இடம் மாறும். திருவிழா வந்தால் நேரம் மாறும். பட்டியலில் பழைய முகவரியே நிற்கும்.

பூட்டிய கேட்டுக்கு முன் நிற்கும் புதியவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பஸ் மாறி, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று தயங்கித் தயங்கி வந்திருக்கிறார். வாட்ச்மேன் 'என்ன வேணும்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்? திரும்பிப் போகிற வழியில் கடை திறந்திருக்கிறது. அதனால் முதலில் போன் செய்ய வேண்டும். மறுமுனையில் பேசுகிறவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அல்ல. இதே வழியாக வந்த ஓர் உறுப்பினராகத்தான் இருப்பார். 'இன்னைக்கு மீட்டிங் இருக்குங்களா? நான் புதுசு. யாராவது வாசல்ல நின்னா நல்லா இருக்கும்' என்று கேட்டால் போதும். வாசலில் நிற்க ஆள் வராமல் போவது அபூர்வம். புதியவருக்குக் கை கொடுப்பது அவர்களுக்குச் சேவை மட்டுமல்ல, தாங்கள் குடிக்காமல் இருப்பதற்கான வழியும்தான். ஆக்ரானில் வில்சனுக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பலரைத் தடுக்கிறது, ஆகவே அதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பெரும்பாலும் மாலை வேலை முடியும் நேரத்தில், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். 'ஓபன் மீட்டிங்' என்றால் குடும்பத்தாரும் மாணவர்களும் ஆர்வமுள்ளவர்களும் வரலாம். 'குளோஸ்டு மீட்டிங்' என்றால் குடியை விட விரும்புகிறவர்கள் மட்டும். கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை, ஆதார் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்: ஆட்டோ ஓட்டுநர், வங்கியில் வேலை பார்ப்பவர், கொத்தனார், ஓய்வுபெற்ற அதிகாரி. தலைமை ஏற்பவர் முன்னுரையை வாசிப்பார். பிறகு ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஒரே குரலில் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் பேசுவார்: சம்பள நாளில் என்ன ஆனது, மகளின் காது குத்துக்கு எந்த நிலையில் போய் நின்றார், நிறுத்திய பிறகு முதல் தீபாவளியை எப்படிக் கடந்தார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். 'நீங்க இப்படிச் செஞ்சிருக்கணும்' என்ற யோசனை வராது. அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர். புதியவர் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பேர் மட்டும் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, கேட்டுக்கொண்டே இருக்கலாம். கிளம்பும்போது இரண்டு மூன்று பேர் தங்கள் கைபேசி எண்ணைக் கொடுப்பார்கள், 'எப்ப தோணினாலும் குடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க' என்று. 'முன்னாடி' என்பதை அழுத்திச் சொல்வார்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்பது நியாயமான கேள்வி. நீண்ட காலம் இதற்குத் தெளிவான விடை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006 மதிப்பாய்வு, ஏ.ஏ. மற்ற சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. அதன் பிறகு சான்றுகள் சேர்ந்தன. 2020-இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிக்கா ஃபெர்ரி மூவரும் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளோடு அலசினார்கள். பழைய மதிப்பாய்வைச் செய்தவர்களில் ஒருவரான ஃபெர்ரியே இதிலும் இருந்தார். ஏ.ஏ.-யிலும், அதில் ஈடுபட வைப்பதற்கென முறையாக வடிவமைத்த சிகிச்சையிலும் இருந்தவர்களில் ஓராண்டு கழித்து அறவே குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற சிகிச்சைகளில் 35 விழுக்காடு. வித்தியாசம் வானளவு அல்ல. ஆனாலும் ஒரு பைசா கட்டணம் வாங்காத, வாழ்நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஒன்று, பயிற்சி பெற்ற நிபுணர்கள் நடத்தும் சிகிச்சைக்குக் குறையாமல், அறவே குடிக்காமல் இருப்பதில் அதற்கு ஒரு படி மேலாகவும் நிற்கிறது. பத்தில் ஐந்து பேருக்கு மேல் ஓராண்டுக்குள் மறுபடி குடித்திருக்கிறார்கள் என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. சறுக்கியவர் திரும்பி வந்தால் கூட்டத்தில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதையும் கெல்லியின் ஆய்வுகள் தேடியிருக்கின்றன. முக்கியமான காரணங்களில் ஒன்றாக அவை காட்டுவது நட்பு வட்டம் மாறுவதை: குடிக்கும் கூட்டாளிகள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். குடிக்கச் சூழ்ந்து அழைக்கும் இடங்களில் 'வேண்டாம்' என்று சொல்லும் தன்னம்பிக்கை வளர்வது இன்னொன்று.

கடவுள் விஷயத்தில் சிலர் தயங்குவார்கள். பெரியாரைப் படித்து வளர்ந்தவர்கள் உள்ள நாட்டில் இது சிறிய தயக்கம் அல்ல. ஏ.ஏ. உறுப்பினர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார் என்பது உண்மை. அவரவர் புரிந்துகொண்டபடியான மேலான சக்தி என்று அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். குழுவையே அந்தச் சக்தியாகக் கொண்டவர்கள் உண்டு. நாத்திகர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வை டோனிகன், மில்லர், ஷெர்மர் மூவரும் 2002-இல் வெளியிட்டார்கள். நாத்திகர்கள் கூட்டங்களுக்குக் குறைவாகவே போனார்கள். ஆனால் போனவர்கள் மற்றவர்களுக்கு இணையாகவே பலன் பெற்றார்கள். தெய்வம் பற்றிய விவாதத்தை வாசலிலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதில்லை.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. சென்னை போன்ற நகரத்தில் ஆங்கிலக் கூட்டமும் தமிழ்க் கூட்டமும் தனித்தனி. ஒன்றில் ஒட்டாதவர் மற்றதில் ஒட்டிக்கொள்வார். உங்கள் தெருவிலேயே நடக்கும் கூட்டம் கூச்சமாக இருந்தால் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் யாராவது இருந்தால் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். உறுப்பினர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.-யின் நிலை. குடிக்கும் பெண்களின் பாடு இன்னும் கடினம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாக நுழைய வேண்டும், அதுவும் ஆணுக்குக் கிடைக்கும் பாதி மன்னிப்புகூடக் கிடைக்காத ஊரில். அவர்களுக்கு 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பரவலான இணையவழிக் கூட்டங்கள் ஒரு கதவைத் திறந்திருக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். முதல் படியாக அது போதும்.

தமிழ்நாட்டில் ஆளைத் தேடிப் போனதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறுப் பக்கம் டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் சொல்வது இதைத்தான். கிராமத்துக் கூலித் தொழிலாளியால் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க முடியாது என்பதை உணர்ந்து, 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடியில் முகாம் போட்டார்கள். மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்குப் போனார்கள். உள்ளூர்க்காரர்களே இடமும் ஆதரவும் தந்தார்கள். சிகிச்சை பெறுகிறவர்களுக்குள் உருவான பழக்கம் முகாம் முடிந்த பிறகும் ஊரிலேயே இருந்தது, பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. அரசு மருத்துவமனைகள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிய செலவுள்ள விஷயம் எதுவும் அல்ல. வார்டில் குடிநோயாளி இருக்கும்போதே வாரம் ஒருமுறை ஏ.ஏ. உறுப்பினர்கள் உள்ளே வந்து பேச அனுமதி, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நர்ஸ் ஒருவர் நோயாளியின் எதிரிலேயே செய்யும் ஒரு போன். இரண்டையும் இப்போதே செய்யும் இடங்கள் உண்டு. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் இது நடைமுறையாக வேண்டும்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் குடிப்பவர் அல்ல, அவருடைய மனைவியோ அம்மாவோ தங்கையோதான் என்பது எனக்குத் தெரியும். 'அவர் வரவே மாட்டேங்கறாரு, நான் என்ன செய்ய?' என்பதுதான் உங்கள் கேள்வி. உங்களுக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற குடும்பத்தாருக்கான அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். குடிப்பவர் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். ஆனால் அது அவரைச் சிகிச்சைக்கு இழுத்துவரும் கருவி என்று எண்ணிப் போகாதீர்கள். 1999-இல் மில்லர், மேயர்ஸ், டோனிகன் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு மறுப்பவர்களின் குடும்பத்தார் 130 பேருக்கு மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். குடிக்காத நேரத்தில் அன்பாக நடப்பது, குடித்த நேரத்தில் விலகி நிற்பது, சரியான தருணம் பார்த்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த 'கிராஃப்ட்' முறையில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் 30 விழுக்காடு. அல்-அனான் வழியில் 13 விழுக்காடு. அவரை அழைத்துவர வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், இந்தப் பயிற்சியைத் தரக்கூடிய ஆலோசகரைத் தேடுங்கள். டெலி-மானஸ் எண்ணில் இதையும் கேட்கலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று வழிகளில் எதில் சேர்ந்திருந்தாலும், குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும், குடும்பத்தாரின் மனச்சோர்வும் கோபமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தன.